பயாப்ஸி ரிப்போர்ட்டில் விட்டுப்போன ஒரு எண்

ஆபரேஷனில் எடுத்த என் கர்ப்பப்பையைப் பரிசோதித்து லேப் கொடுத்த பயாப்ஸி ரிப்போர்ட் ஒன்றரைப் பக்கம். கர்ப்பப்பையின் நீளம், அகலம், எடை, சினைப்பைகளின் அளவு வரைக்கும் அதில் இருந்தது. புற்று கர்ப்பப்பைச் சுவருக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது மட்டும் இல்லை. "தசைச் சுவரில் ஊடுருவல் காணப்படுகிறது" என்று ஒரே வரி. விட்டுப்போன அந்த எண்ணுக்காக அலைந்ததையும், செலவழித்த பணத்தையும், எண் கைக்கு வந்த பிறகு அதைப் பார்த்து நடுங்கியதையும்தான் எழுதப்போகிறேன். நான் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவள். ரசீதைக் கிழித்துப் போடும் பழக்கம் கிடையாது, அதனால் தொகைகளைத் தைரியமாகச் சொல்லலாம். மருத்துவம் படித்தவள் இல்லை. எனக்கு எடுத்த முடிவு இன்னொருவருக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்குத் தீட்டு நின்றது. அறுபத்தொன்றில் திரும்ப வந்தது. முதலில் உள்பாவாடையில் பழுப்பாக ஒரு கறை, பிறகு சில வாரம் ஒன்றுமில்லை, அப்புறம் நல்ல சிவப்பாகவே. வலி கிடையாது. பக்கத்து வீட்டு அம்மா "உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவச்சுச் சாப்பிடு" என்றார். நான் நேராக ஊரில் இருக்கும் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனேன். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்வரி 14 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது, கூடவே ஒரு சின்ன நார்க்கட்டி என்று வந்தது. "வயசாயிடுச்சு, இனி அது எதுக்கும்மா, எடுத்துடலாம்" என்றார் அங்கிருந்த டாக்டர். எடுப்பதற்கு முன்னால் உள்வரியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் பார்க்க வேண்டும். அப்படி ரத்தம் படும் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான் புற்று இருக்கும், மற்றவர்களுக்கு வேறு காரணம். உள்வரி 4 மில்லிமீட்டரோ அதற்குக் கீழேயோ இருந்தால் புற்று இருக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அதற்கு மேல் தடித்திருந்தாலோ, மெல்லிதாக இருந்தும் ரத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ, முதலில் பயாப்ஸி, அதன் முடிவு வந்த பிறகுதான் ஆபரேஷன் பேச்சு. மெல்லிய குழாய் விட்டு வெளிநோயாளியாகவே எடுத்துவிடலாம். முடியாவிட்டால் மயக்கம் கொடுத்து உள்வரியைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி. முன்கூட்டியே புற்று என்று தெரிந்திருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்து ஆழத்தை ஓரளவு கணித்திருப்பார்கள். புற்றுநோய் அறுவையில் பழகிய டாக்டர் செய்திருப்பார், எல்லார் உடம்பிலும் இருக்கும் சின்ன முடிச்சுகளான நிணநீர்க் கட்டிகளுக்குப் புற்று பரவியிருக்கிறதா என்றும் அதே மயக்கத்திலேயே பார்த்திருப்பார்கள். எனக்கு அது எதுவும் நடக்கவில்லை.

நல்லகாலமாக நடந்தது ஒன்று உண்டு, அது அப்போது எனக்குத் தெரியாது. வயிற்றைத் திறந்து, கர்ப்பப்பையை முழுசாக, இரண்டு சினைப்பைகளோடும் எடுத்தார்கள். லேப்ராஸ்கோப்பியில் செய்வது தவறில்லை, புற்றுக்கும் இப்போது பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் வயிற்றுக்குள்ளேயே துண்டு துண்டாக அரைத்து வெளியே எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. உள்ளே புற்று இருந்துவிட்டால் அது பரவவும் கூடும், ஆழத்தை அளக்கவும் முடியாமல் போகும். ரத்தப்போக்குக்காகக் கர்ப்பப்பையை எடுக்கப்போகிற யாரும் "முழுசாக எடுப்பீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். ஆபரேஷன், ரூம், மருந்து எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய். இரண்டு வளையலை அடகு வைத்தேன். மகள் புனேயில் எட்டு மாத கர்ப்பிணி. அவளிடம் "கட்டி எடுத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நாத்தனார், அவருக்கும் முட்டி வலி.

தையல் பிரிக்கப் போன அன்று ரிப்போர்ட் வந்திருந்தது. "சின்னதா ஒரு கேன்சர் மாதிரி வந்திருக்கு, ஆனா எல்லாத்தையும் எடுத்தாச்சு, பயப்படாதீங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார் டாக்டர். அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாசலில் வந்து நின்று ஆட்டோ பிடித்தது நினைவிருக்கிறது, வீட்டுக்கு வந்த வழி நினைவில்லை. அன்று ராத்திரி பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. கேன்சர் மாதிரி என்றால் என்ன? கேன்சரா, இல்லையா? இந்த டாக்டர் தன் ஆடிட்டரிடம் இப்படி ஒரு வரவு செலவைக் கொடுப்பாரா என்றெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டேன். விடிந்ததும் ரிப்போர்ட்டை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாகப் போனில் தேட ஆரம்பித்தேன். என்டோமெட்ரியாய்டு அடினோகார்சினோமா, கிரேடு 1. பெரும்பாலானவர்களுக்கு வரும் வகை, கிரேடு 1 என்றால் மெதுவாக வளர்வது என்று தெரிந்தது. அதற்கு மேல் எதைத் தேடினாலும் ஒரே கேள்வியில் வந்து நின்றது: தசைச் சுவரில் பாதிக்குக் கீழா, மேலா?

ஏன் பாதி என்று பிற்பாடு ஒரு டாக்டர் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பையின் உள்வரியில்தான் இந்தப் புற்று பிறக்கிறது. அதைச் சுற்றி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் தசை. வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுகிற மாதிரி உள்பக்கமிருந்து வெளிப்பக்கம் நோக்கி அது நகர்கிறது. வெளிப்புறத் தசையில் நிணநீர்க் குழாய்கள் அதிகம், அங்கே போய்ச் சேர்ந்தால் வெளியே பயணம் போக வழி கிடைத்துவிடும். 1987-இல் அமெரிக்காவில் 621 பெண்களை வைத்து வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. புற்று உள்வரியோடு நின்றவர்களில் இடுப்பு நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவியது நூற்றுக்கு ஒருவருக்கு. சுவரின் வெளி மூன்றில் ஒரு பங்கு வரை போனவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு. அதனால்தான் புற்று எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வகுக்க 2009-இல் வந்த ஸ்டேஜ் முறையில் பாதிக்குக் கீழே என்றால் 1ஏ, பாதியோ அதற்கு மேலோ என்றால் 1பி என்று கோடு போட்டார்கள். என் ரிப்போர்ட்டில் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்றே இல்லை. "எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்பது ஆழம் தெரியாமல் சொல்லக்கூடிய வாக்கியமே அல்ல.

நர்சிங் ஹோமில் போய்க் கேட்டேன். ரிப்போர்ட் வெளி லேபில் போட்டது, எங்களுக்குத் தெரியாது என்றார்கள். லேபின் முகவரியைக்கூட மூன்று முறை கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவ கவுன்சில் விதிமுறையில் இருக்கிறது. கடிதத்தில் அந்த வரியையும் எழுதினேன், மறுநாளே கிடைத்தது. வாயால் கேட்பதற்கும் எழுதிக் கேட்பதற்கும் இருக்கும் வித்தியாசத்தை அன்று பார்த்தேன். லேபில் இருந்த தம்பி நல்ல பிள்ளை. அவர்தான் எனக்குப் பாடம் எடுத்தார். ஸ்லைடு என்பது கண்ணாடித் தகடு. பிளாக் என்பது சதைத்துண்டை மெழுகில் பதித்து வைத்தது, அதிலிருந்து எத்தனை ஸ்லைடு வேண்டுமானாலும் புதிதாகச் சீவலாம். இரண்டையும் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். ஆனால் பிளாக் எடுத்தது போக மிச்சமிருக்கும் கர்ப்பப்பையை ஃபார்மலின் டப்பாவில் சில வாரம் வைத்திருந்துவிட்டுக் கொட்டிவிடுவார்கள். "உங்களுது இன்னும் இருக்கும்மா. சுவத்துல ரெண்டு இடத்துலதான் எடுத்திருக்காங்க. எங்க போறீங்களோ அங்க இதையும் கேப்பாங்க, எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். அந்த டப்பாவை அவர் நினைவுபடுத்தவில்லை என்றால் என் எண் எனக்குக் கிடைத்தே இருக்காது. ரிப்போர்ட்டில் குறை இருந்தால் மூன்று மாசம் காத்திருக்கக் கூடாது என்பதற்கு முதல் காரணம் அந்த டப்பாதான்.

ஸ்லைடு, பிளாக், டப்பா மூன்றையும் ஒரு கட்டைப்பையில் வைத்துச் சென்னைக்கு பஸ் ஏறினேன். ராத்திரி முழுக்கப் பையை மடியைவிட்டு இறக்கவில்லை. என் கர்ப்பப்பையை நானே மடியில் வைத்துக்கொண்டு போகிறேன் என்று ஒரு கணம் தோன்றிச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் ஊறுகாயா என்று கேட்டாள். புற்றுநோய் மருத்துவமனையில் மறுபரிசோதனைக் கட்டணம் 2,500. மிச்சமிருந்த சுவரிலிருந்து புதிதாகப் பல பிளாக்குகள் எடுத்தார்கள். முடிவு வந்தது: ஊடுருவல் ஆழம் 11 மில்லிமீட்டர், அந்த இடத்தில் சுவரின் தடிமன் 17 மில்லிமீட்டர், அதாவது 65 சதவீதம். கர்ப்பப்பை வாயில் பரவல் இல்லை. சினைப்பைகளில் இல்லை. ரத்தநாள, நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றணுக்கள் இல்லை. கிரேடு 1. ஸ்டேஜ் 1பி.

உங்கள் ரிப்போர்ட்டில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். என்ன வகை, எந்த கிரேடு, எத்தனை மில்லிமீட்டர் ஆழம், அங்கே சுவரின் முழுத் தடிமன் எவ்வளவு, வாய்ப்பகுதியின் தசையில் உண்டா, வெளிப்பூச்சு வரை வந்ததா, எல்.வி.எஸ்.ஐ. என்று சொல்லும் அந்தக் குழாய் ஊடுருவல் உண்டா, உண்டென்றால் அங்கங்கே கொஞ்சமா நிறையவா. இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. சிலருக்கு அடினோமயோசிஸ் என்று உள்வரித் திசுவே முன்பிருந்து தசைக்குள் புதைந்து கிடக்கும். புற்று அந்தப் புதைந்த திட்டுக்குள் மட்டும் போயிருந்தால் பார்வைக்கு ஆழமாகத் தெரியும், ஆனால் அதை ஆழமான ஊடுருவலாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. படம் பார்ப்பவரையும் இது குழப்பிவிடும். உங்களுக்கு அடினோமயோசிஸ் இருப்பதாக ஸ்கேனில் வந்திருந்தால், "ஆழத்தை அளந்தது அந்தத் திட்டிலா, நிஜமான தசையிலா?" என்று கேளுங்கள். 1ஏ, 1பி இரண்டும் அந்த பதிலில் இடம் மாறலாம்.

அன்று டாக்டரைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை, மறுநாள்தான் வரச் சொன்னார்கள். லாட்ஜில் தனியாக உட்கார்ந்து போனில் 1பி என்று தேடினேன். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்துப் போட்ட ஒரு கணக்கு வந்தது. ஐந்து வருஷம் உயிரோடிருப்பவர்கள், 1ஏ-வில் நூற்றுக்கு 90-ஐ ஒட்டி, 1பி-யில் 80-க்குச் சற்றுக் கீழே. அந்த இடைவெளியில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி என்று முடிவே கட்டிவிட்டேன். பேரக்குழந்தையைப் பார்ப்பேனா, வளையலை மீட்காமல் போய்விடுவேனா, வீட்டுப் பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மகளுக்குத் தெரியுமா. சாப்பிடவில்லை. யாருக்காவது போன் செய்யலாம் என்றால் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தனியாகப் போவதில் செலவைவிட, அலைச்சலைவிட மோசமானது அந்த ஒரு ராத்திரி. ரிப்போர்ட் வாங்கும் நாளும் டாக்டரைப் பார்க்கும் நாளும் ஒன்றாக இருக்கும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் கூட யாராவது இருக்கட்டும், மருத்துவம் தெரியாதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை.

மறுநாள் பார்த்த டாக்டர் பெண், நாற்பது வயதிருக்கும். நான் எழுதி வைத்திருந்த எண்ணைக் காட்டினேன். "இந்த எண்பதுல யார் யார் இருக்காங்கன்னு பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். கிரேடு 1 முதல் கிரேடு 3 வரை எல்லாரும் ஒரே கூடையில், எண்பத்தைந்து வயதுக்காரரும் அதில்தான், மாரடைப்பில் போனவரும் அதில்தான். புற்றால் இறந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்தால் படம் மாறும். நெதர்லாந்தில் 715 பெண்களிடம் நடத்தி 2000-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். எல்லாரும் முதல் ஸ்டேஜ், என்னைப் போல ஆழமாக இறங்கியவர்களும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு பாதிப் பேருக்கு இடுப்பில் கதிர்வீச்சு, பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. ஐந்து வருஷத்தில் அதே பகுதியில் நோய் திரும்பியது கதிர்வீச்சு எடுத்தவர்களில் நூற்றுக்கு 4, எடுக்காதவர்களில் 14. ஆனால் உயிரோடிருந்தவர்கள் அதே வரிசையில் 81-உம் 85-உம், அதாவது கதிர்வீச்சால் ஆயுள் கூடவில்லை. இந்தப் புற்றால் இறந்தவர்கள் 9-உம் 6-உம்தான். மற்றவர்கள் வேறு காரணங்களால் போனவர்கள். "உங்க சுகர் 240. எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. அதிக எடை, சர்க்கரை இரண்டும் இந்தப் புற்று வருவதற்கே காரணங்களில் சேர்த்தி. ஆரம்ப நிலையில் குணமானவர்களைப் பிற்பாடு கொண்டுபோவது பெரும்பாலும் இதயம்தான். ஐந்து வருஷக் கணக்கைப் பார்க்கிறவர்கள் எந்த வகை, எந்த கிரேடு, எந்த வயது, எந்தச் சாவு என்று நான்கையும் கேட்காமல் அதை நம்பிப் படுக்கக் கூடாது.

ஆழம் மட்டுமே தீர்ப்பு இல்லை என்பதை எனக்குப் புரியவைத்தது டாக்டர் இல்லை, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரியலூர்க்காரம்மா. அவருக்குப் புற்று தசையில் தொட்டும் தொடாமலும் இருந்தது. "உங்களுக்குப் பாதிக்கு மேல போயிருக்கு, கீமோ ஊசி மருந்து இல்லைங்கறாங்க. எனக்கு ஓரத்துல இருக்கு, ஆறு கோர்ஸ் போடணுங்கறாங்க. என்னங்க நியாயம்?" என்று என்னிடம் கேட்டார். அவருடையது சீரஸ் என்ற வகை. அது தசையில் துளி நுழைந்தாலும் வீரியமானது. 2023-இல் மாற்றிய ஸ்டேஜ் முறையில் அப்படிப்பட்ட வகைகள் தசையைத் தொட்டாலே 2சி ஆகிவிடுகின்றன. சாதாரண வகையாக இருந்தும் குழாய் ஊடுருவல் நிறைய இருந்தால் 2பி. என்னுடையது பழைய முறையிலும் புதிய முறையிலும் 1பி-யாகவே நின்றது. இரண்டு முறைகளும் இப்போது புழக்கத்தில் இருப்பதால், ஒரு டாக்டர் ஒரு ஸ்டேஜும் இன்னொருவர் வேறு ஸ்டேஜும் சொன்னால் நோய் வளர்ந்துவிட்டது என்று பதறாதீர்கள். எந்த வருஷத்து முறை என்று கேளுங்கள்.

பிளாக்கிலேயே இன்னொரு சோதனையும் செய்தார்கள், இம்யூனோ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 9,000 ரூபாய். பி53 என்ற புரதம் மாறியிருக்கிறதா, மரபணுப் பழுது பார்க்கும் நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. பி53 மாறியிருந்தால் கிரேடு 1 ஆக இருந்தாலும் தசையில் இறங்கிய புற்றை வீரியமானதாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த நான்கில் ஏதாவது காணவில்லை என்றால் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் குறையாக இருக்கக்கூடும், அப்போது பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் குடல் புற்று, கர்ப்பப்பைப் புற்று வராமல் பார்க்க வேண்டும். இந்தப் புற்று வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் அப்படி இருக்கும். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. அந்த முடிவு வந்த பிறகுதான் மகளிடம் முழுசாகச் சொன்னேன். அவள் முதலில் பேசவே இல்லை, அப்புறம் கத்தினாள். பிரசவம் முடிந்து பையன் பிறந்திருந்தான்.

நிணநீர்க் கட்டிகளை எடுக்காமல் விட்டதால் இரண்டாவது ஆபரேஷன் வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். சி.டி. ஸ்கேனில் கட்டிகள் எதுவும் வீங்கியிருக்கவில்லை. கிரேடு 1, குழாய் ஊடுருவல் இல்லை என்பதால் மறுபடி திறக்க வேண்டாம் என்று டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். சி.டி.க்கு இரண்டு தடவை பணம் கட்டினேன். நர்சிங் ஹோமில் எழுதிக் கொடுத்தது, படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாத ஸ்கேன், இதற்கு உதவாது என்று சென்னையில் ஒதுக்கிவிட்டார்கள். 4,000 ரூபாய் வீண். சிகிச்சை எங்கே என்று முடிவாவதற்கு முன் எந்த ஸ்கேனும் எடுக்காதீர்கள், சிகிச்சை தரப்போகிறவர் எழுதிக் கொடுக்கட்டும்.

கடைசியில் தேறியது பிரேகிதெரபி, உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. நோய் திரும்பினால் அதிகம் திரும்பும் இடம் கர்ப்பப்பையை எடுத்த பிறகு தைத்து மூடிய யோனியின் மேல்முனை. அதனால் அங்கே மட்டும். அதே நெதர்லாந்துக் குழு 427 பேரிடம் ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு முழுக்கக் கொடுப்பதும் இப்படி உள்ளே கொடுப்பதும் யோனியில் நோய் திரும்பாமல் காப்பதில் சமமாகவே இருந்தன, இரண்டிலும் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. உள்ளே கொடுப்பதில் வயிற்றுப்போக்குத் தொல்லை மிகக் கம்மி. வாரம் ஒன்றாக மூன்று தடவை. விரல் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிய உருளையை உள்ளே வைப்பார்கள், மயக்க மருந்து இல்லை. வலியைவிடக் கூச்சம்தான் அதிகம். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள், இயந்திரம் சில நிமிஷம் முனகும், முடிந்தது. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து இட்லி சாப்பிட்டேன். யாராவது முன்னாடியே இப்படிச் சொல்லியிருந்தால் முதல் தடவைக்கு முந்தின ராத்திரி தூங்கியிருப்பேன். பிறகு உள்ளே வறட்சியும் சுருக்கமும் வரும் என்று சொல்லி, விரிவுபடுத்தும் ஒரு கருவியும் ஜெல்லும் கொடுத்தார்கள். "எனக்கு எதுக்கு" என்று சொன்னேன். தாம்பத்தியத்துக்காக இல்லை, ஒட்டிக்கொண்டால் டாக்டரால் உள்ளே பார்த்துச் சோதிக்க முடியாது என்று நர்ஸ் விளக்கினாள்.

கதிர்வீச்சுக்கு நான் ஒரு காசு கொடுக்கவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. ரேஷன் கார்டு, ஆதார், வருஷ வருமானம் 1,20,000-க்குள் என்று வருமானச் சான்று, இவற்றோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் மையத்தில் பதிவு செய்தால் போதும். சிகிச்சைக்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டும், முடிந்த பிறகு பில்லைக் காட்டிக் கேட்டால் கிடைக்காது. அதனால் அந்த 68,000 போனது போனதுதான். நர்சிங் ஹோம் அந்தத் திட்டத்தில் இல்லை. என் நோட்டில் மொத்தச் செலவு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைத் தாண்டியது, பஸ், லாட்ஜ், சாப்பாடு உட்பட. அனுமதிக்கும் முன் "இந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் உண்டா?" என்று வரவேற்பில் கேட்க அரை நிமிஷம் ஆகும்.

இப்போது சில மாதங்களுக்கு ஒருமுறை செக்கப். நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்துக்குள் என்பதால் அதுவரை நெருக்கமாகவும், ஐந்து வருஷம் வரை இடைவெளி விட்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்கேன் கிடையாது. விசாரிப்பார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள், உள்ளே பார்ப்பார்கள். முதலில் எனக்கு இதில் திருப்தி இல்லை, இவ்வளவு தூரம் வந்து ஒரு படம்கூட எடுக்காமல் அனுப்புகிறார்களே என்று. பழகிவிட்டது. ரத்தம் பட்டாலோ, இடுப்பு வலி விடாமல் இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, இருமல் நிற்காவிட்டாலோ தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொன்னார்கள்.

போக வரப் பஸ்ஸில் முதுகு போனதுதான் மிச்சம், ரயில் சலுகை பற்றித் தெரிந்தது பிற்பாடுதான். புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் போகிறவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. கூட வருபவருக்கு அதே பெட்டியில் 75 சதவீதம். மருத்துவமனையிலேயே படிவத்தைப் பூர்த்தி செய்து முத்திரை போட்டுத் தருவார்கள். டிக்கெட்டை ரயில் நிலையக் கவுண்டரில்தான் எடுக்க வேண்டும், போனில் எடுத்தால் சலுகை கிடையாது.